1995 சிஎஃப்எல் சீசனைப் படிப்பது எப்படி

சிஎஃப்எல் என்ற கனடிய ஃபுட்பால் லீக்கின் வரலாற்றில் ஒரே ஒரு சீசனைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 1995-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 13 அணிகள் ஆடிய வருடம் அது. அதில் 5 அணிகள் அமெரிக்காவில் இருந்தன. அவற்றில் ஒன்றான பால்டிமோர் ஸ்டாலியன்ஸ், லீக்கின் சாம்பியன் கோப்பையான கிரே கப்பை வென்றது. 1909-ல் தொடங்கிய அந்தக் கோப்பையை கனடாவுக்கு வெளியே கொண்டுபோன ஒரே அணி இன்றுவரை அதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் இந்த சீசனைப் பின்னாலிருந்து படிக்கிறார்கள். "அமெரிக்க விரிவாக்கம் தோற்றுப்போச்சு, 1996-ல் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்" என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் அங்கே நடந்த அருமையான ஆட்டம் எதுவும் கண்ணில் படாது. முன்னாலிருந்து படிக்க வேண்டும். அதற்கு நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் விதிகள். அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் ஆட்டம் மட்டும் பார்த்துப் பழகியவர்களும், ஃபுட்பால் என்றாலே கால்பந்து என்று நினைப்பவர்களும் இந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கவே கூடாது, ஏனென்றால் 1995-ல் நடந்த பாதி விஷயங்களுக்குக் காரணம் மைதானத்தின் அளவிலேயே இருக்கிறது. இது பந்தைக் கையில் பிடித்து ஓடியும் வீசியும் முன்னேறும் ஆட்டம். கனடிய மைதானம் 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். இரண்டு முனையிலும் உள்ள எண்ட் சோன் (பந்தோடு இதற்குள் போனால் டச்டவுன், 6 புள்ளி) ஒவ்வொன்றும் 20 யார்டு ஆழம். ஆக மொத்த நீளம் 150 யார்டு. அமெரிக்க மைதானம் எண்ட் சோன்களையும் சேர்த்து 120 யார்டுதான், அகலமும் 53 யார்டு சொச்சம்தான். ஒரு பக்கத்துக்கு 12 பேர். 10 யார்டு முன்னேற மூன்றே முயற்சிகள், அதாவது மூன்று டவுன். அமெரிக்காவில் நான்கு.

இந்த மூன்று டவுன் விஷயத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதல் டவுனில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதில் பந்தை வீசித்தான் ஆக வேண்டும், அதுவும் போனால் மூன்றாவதில் பெரும்பாலும் பன்ட், அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பிவிடுவது. அதனால் கனடிய ஆட்டத்தில் உதைகள் அதிகம். உதைத்த பந்தைப் பிடித்து ஓடுபவருக்கு மதிப்பு அதிகம். பிடிப்பவர் கையைத் தூக்கி "என்னைத் தொடாதே" என்று சொல்லும் அமெரிக்க வசதி இங்கே கிடையாது, உதைத்த அணியினர் அவரிடமிருந்து 5 யார்டு தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ரூஜ் என்ற ஒற்றைப் புள்ளி: எண்ட் சோனுக்குள் உதைத்த பந்தை எதிரணி வெளியே கொண்டுவர முடியாவிட்டால் உதைத்தவர்களுக்கு 1 புள்ளி. இவற்றை மனதில் வைத்திருங்கள், இறுதிப் போட்டிக்கு வரும்போது எல்லாம் தேவைப்படும்.

அடுத்து, 1993-லிருந்து ஆரம்பியுங்கள். நேராக 1995-க்குள் போனால் டெக்சஸில் ஏன் ஒரு கனடிய லீக் அணி இருக்கிறது என்பதே விளங்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லீக்கின் கையில் பணம் இல்லை, பல கனடிய அணிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. புதிய அணிகள் கட்டும் நுழைவுக் கட்டணமும், அமெரிக்கத் தொலைக்காட்சிச் சந்தை பற்றிய ஆசையும் சேர்ந்து, லாரி ஸ்மித் லீக்கின் தலைவராக, அதாவது கமிஷனராக, இருந்த காலத்தில் எல்லையைத் தாண்டினார்கள். 1993-ல் சாக்ரமெண்டோ கோல்ட் மைனர்ஸ் மட்டும் சேர்ந்தது. 1994-ல் பால்டிமோர், லாஸ் வேகஸ், ஷ்ரீவ்போர்ட். லாஸ் வேகஸ் ஒரே வருடத்தில் போய்விட்டது. சாக்ரமெண்டோ அணி சான் அன்டோனியோவுக்கு இடம் மாறி டெக்சன்ஸ் ஆனது. 1995-ல் பர்மிங்ஹாம் பாரகூடாஸும் மெம்ஃபிஸ் மேட் டாக்ஸும் புதிதாக வந்தன. கிழக்கு மேற்கு என்று பிரிந்திருந்த லீக், அந்த ஒரு வருடம் மட்டும் வடக்கு தெற்கு என்று மாறியது: வடக்கில் 8 கனடிய அணிகள், தெற்கில் 5 அமெரிக்க அணிகள்.

1994 இறுதிப் போட்டியையும் விடாதீர்கள். வான்கூவர் பிசி பிளேஸில் பால்டிமோரும் பிசி லயன்ஸும் மோதின. ஆட்டத்தின் கடைசி உதையில் லூயி பசாக்லியா 38 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்து 26-23 என்று லயன்ஸை ஜெயிக்க வைத்தார். கோப்பை நாட்டை விட்டுப் போகாமல் தப்பியது என்று ஊரே கொண்டாடியது. தோற்றுத் திரும்பிய அந்த பால்டிமோர்தான் 1995-ல் மறுபடி வருகிறது. அந்த வேகத்தோடு சேர்த்துப் படித்தால்தான் சீசன் சூடு பிடிக்கும்.

இப்போது புள்ளிப் பட்டியலைத் திறங்கள். ஒரு தாளில் கையால் எழுதிக்கொள்ளச் சொல்வேன், திரையில் பார்த்துவிட்டுப் போவதைவிட அதுதான் மனதில் நிற்கிறது. வடக்கு: கால்கரி 15 வெற்றி 3 தோல்வி, எட்மண்டன் 13-5, பிசி 10-8, ஹாமில்டன் 8-10, வின்னிபெக் 7-11, சஸ்காட்சவன் 6-12, டொராண்டோ 4-14, ஒட்டாவா 3-15. தெற்கு: பால்டிமோர் 15-3, சான் அன்டோனியோ 12-6, பர்மிங்ஹாம் 10-8, மெம்ஃபிஸ் 9-9, ஷ்ரீவ்போர்ட் 5-13. எழுதி முடித்ததும் வெற்றிகளைக் கூட்டிப் பாருங்கள். 13 அணிகள், தலா 18 ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் என்றால் மொத்தம் 117 ஆட்டங்கள், வெற்றிகளும் 117 வர வேண்டும். வடக்கு 66, தெற்கு 51. சரியாக வருகிறது. எந்தப் பழைய சீசனைப் படித்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள் (சமனில் முடிந்த ஆட்டங்கள் இருந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும்), எங்காவது எண் தவறாகப் பதிவாகியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

பட்டியலில் ஒரு வரி உங்களை உறுத்த வேண்டும். மெம்ஃபிஸ் 9-9, ஆனால் பிளே ஆஃபில், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்றில், இல்லை. வின்னிபெக் 7-11, பிளே ஆஃபில் இருக்கிறது. காரணம், வடக்கிலிருந்து 5 அணிகளும் தெற்கிலிருந்து 3 அணிகளும் மட்டுமே தகுதி பெறும் என்று வைத்திருந்தார்கள். வடக்கில் ஐந்தாவதாக வந்த வின்னிபெக்கைத் தெற்குப் பக்கம் அனுப்பி பால்டிமோரோடு மோத விட்டார்கள். மெம்ஃபிஸுக்கு இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, 8 கனடிய அணிகளில் 5-க்கு இடம், 5 அமெரிக்க அணிகளில் 3-க்கு இடம் என்ற விகிதம் காகிதத்தில் சமமாகத் தெரிந்தாலும் கூட. பட்டியலைப் படிப்பவர்கள் மேலே இருப்பவர்களை மட்டும் பார்ப்பார்கள். தகுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள், லீக் எப்படி நடந்தது என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்தது, இந்த சீசனைப் பற்றி இன்றும் சண்டை போடுகிற விஷயம்: வீரர் ஒதுக்கீடு. அப்போது கனடிய அணிகள் தங்கள் பட்டியலில் பாதிக்கும் மேல் கனடியர்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க அணிகளுக்கு அந்த விதி இல்லை, அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி குடியுரிமை பார்த்து ஆள் எடுக்க முடியாது என்பதால் விலக்கு கொடுத்தார்கள். ஆகவே பால்டிமோர் வென்றது ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதத்தைக் கேட்டதும் உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். ஷ்ரீவ்போர்ட்டுக்கும் அதே விலக்கு இருந்தது, 5-13. மெம்ஃபிஸுக்கும் இருந்தது, 9-9. முந்தைய வருடம் லாஸ் வேகஸுக்கும் இருந்தது. விலக்கு உதவியது, அதை மறுக்க முடியாது. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குப் பட்டியலே சாட்சி.

அப்படியானால் பால்டிமோரில் என்ன வித்தியாசம்? இங்கே பயிற்சியாளர், குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இரண்டு பெயர்களையும் ஒவ்வோர் அணிக்கும் எழுதிப் பாருங்கள். பர்மிங்ஹாம் பயிற்சியாளர் ஜாக் பார்டி, மெம்ஃபிஸ் பயிற்சியாளர் பெப்பர் ராட்ஜர்ஸ், இருவருமே அமெரிக்க ஆட்டத்தில் பெயர் எடுத்தவர்கள். (குவார்ட்டர்பேக் விஷயத்தில் இரண்டு அணிகளும் விவரமாகத்தான் இருந்தன, பர்மிங்ஹாமில் மாட் டனிகன், மெம்ஃபிஸில் டேமன் ஆலன், இரண்டு பேருமே கனடாவில் பல வருடம் ஆடியவர்கள்.) பால்டிமோர் உரிமையாளர் ஜிம் ஸ்பெரோஸ் எடுத்த பயிற்சியாளர் டான் மாத்யூஸ். அவர் 1985-லேயே பிசி லயன்ஸோடு கிரே கப் வென்றவர். குவார்ட்டர்பேக் ட்ரேசி ஹாம், 1989-ல் எட்மண்டனில் லீக்கின் தலைசிறந்த வீரர் விருது வாங்கியவர். வீரர்களைத் தேடிப் பிடிக்கும் வேலையில் ஜிம் பாப். அந்த அணி கனடிய ஆட்டம் தெரிந்தவர்களைத் தலைமையில் வைத்து, அமெரிக்கச் சந்தையிலிருந்து வீரர்களை எடுத்தது. அகலமான மைதானத்துக்கு ஓடத் தெரிந்த ஆள் வேண்டும், பருமன் இரண்டாம் பட்சம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மைக் ப்ரிங்கிளைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1994-ல் ஓடியே 1,972 யார்டு எடுத்த ரன்னிங் பேக். 1995-ல் லீக்கின் தலைசிறந்த வீரர் அவர்தான். இந்த விருதுக்கு எவ்வளவு எடை என்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வருடங்களைப் பார்த்தால்தான் தெரியும்: 1991, 92, 93, 94 நான்கு வருடமும் டக் ஃப்ளூட்டி, 1996-லும் 97-லும் மறுபடி ஃப்ளூட்டி. நடுவில் ஒரே ஒரு வருடம் ப்ரிங்கிள். அந்த வருடம் கால்கரியின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஃப்ளூட்டிக்கு முழங்கையில் காயம், சீசனின் ஒரு பகுதியில் ஆட முடியவில்லை. அவர் இடத்தில் ஜெஃப் கார்சியா வந்து ஆடினார், பின்னாளில் என்எஃப்எல்லில் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸுக்குப் போன அதே கார்சியா. ஃப்ளூட்டி பல ஆட்டங்களில் இல்லாமலும் கால்கரி 15-3 வந்தது என்பதில் பயிற்சியாளர் வாலி போனோவின் திறமை தெரிகிறது.

ஆட்டத்தை விட்டு ஸ்டேடியத்துக்குப் போங்கள். அணிகள் ஏன் காணாமல் போயின என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கே இருக்கிறது. மெம்ஃபிஸின் லிபர்ட்டி பவுல் அமெரிக்க ஆட்டத்துக்குக் கட்டியது. அதில் கனடிய மைதானத்தைத் திணிக்கப் பார்த்து, எண்ட் சோன்களை முழு ஆழத்துக்கு வைக்க முடியாமல் வெட்டிக் குறைத்தார்கள். சான் அன்டோனியோவின் அலமோடோமில் முழு மைதானமும் அடங்கியது. பால்டிமோரின் மெமோரியல் ஸ்டேடியத்திலும் தாராளமாக இடம் இருந்தது. பர்மிங்ஹாமில் மைதானத்தைவிட நாள்காட்டிதான் பெரிய சிக்கல். கோடையில் நல்ல கூட்டம் வந்தது. செப்டம்பர் வந்ததும் அலபாமாவில் வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டம், சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிறு என்எஃப்எல். அந்த மாநிலத்தில் கல்லூரி ஃபுட்பாலுக்கு உள்ள பிடிப்பு சாதாரணமானது இல்லை. புதிதாக வந்த அணிக்கு அந்த வாரத்தில் ஒரு நாள் கூட மிச்சமில்லை, கூட்டம் சடசடவென்று சரிந்தது. அப்போது கனடிய லீக் ஜூன் கடைசியில் தொடங்கி நவம்பரில் முடிந்தது என்பதை மனதில் வைத்து, ஒவ்வொரு ஊரிலும் அந்த மாதங்களில் வேறு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பால்டிமோர் கதை வேறு. 1984 மார்ச்சில் ஓர் இரவில் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரின் என்எஃப்எல் அணியான கோல்ட்ஸ் இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பத்து வருடம் ஆகியும் ஊருக்கு வேறு என்எஃப்எல் அணி வரவில்லை. ஆனால் கோல்ட்ஸின் பேண்டு வாத்தியக் குழு கலையாமல் இருந்தது! கனடிய அணி வந்ததும் அதன் ஆட்டங்களில் அந்தக் குழு வாசித்தது. புதிய அணிக்கும் கோல்ட்ஸ் என்றே பெயர் வைக்கப் பார்க்க, என்எஃப்எல் வழக்குப் போட்டுத் தடுத்தது. 1994 முழுக்கப் பெயரே சரியாக இல்லாமல் ஆடினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் "பால்டிமோர் சிஎஃப்எல்" என்று சொல்லி நிறுத்துவார், அரங்கம் மொத்தமும் "கோல்ட்ஸ்" என்று கத்தும். இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. 1995-ல்தான் ஸ்டாலியன்ஸ் என்ற பெயர் வந்தது.

இங்கே ஒரு தேதியைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: 1995 நவம்பர் 6. அன்று கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல், தன் என்எஃப்எல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். ஸ்டாலியன்ஸ் அப்போது பிளே ஆஃபில் இருந்தது. அதாவது கோப்பையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே தங்கள் ஊரில் தங்களுக்கு இனி இடமில்லை என்று அந்த வீரர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிளே ஆஃப் முடிவுகளை இந்தத் தேதியோடு சேர்த்து வாசியுங்கள். பால்டிமோர் 36, வின்னிபெக் 21. சான் அன்டோனியோ 52, பர்மிங்ஹாம் 9. வடக்கில் கால்கரி 30-13 என்று ஹாமில்டனையும், எட்மண்டன் 26-15 என்று பிசியையும் வென்றன. பிறகு தெற்கு இறுதியில் பால்டிமோர் 21-11, வடக்கு இறுதியில் கால்கரி 37-4.

கிரே கப் நவம்பர் 19, ரெஜைனா, டெய்லர் ஃபீல்ட். தற்காலிக இருக்கைகள் போட்டு, வழக்கமாகக் கொள்ளும் கூட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக 52,064 பேரை உட்கார வைத்தார்கள். அன்று திறந்த சமவெளிக் காற்று மணிக்கு 85 கிலோமீட்டர் வரை அடித்தது, ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாமா என்ற பேச்சே எழுந்தது. அதனால்தான் இதற்கு "விண்ட் பவுல்" என்று பெயர். பழைய ஒளிபரப்பைப் பார்க்கும்போது திரையின் ஓரத்தில் ஸ்கோரைப் பார்ப்பதோடு, எந்தக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) எந்த அணி காற்றோடு ஆடுகிறது என்று ஒரு கோடு போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு குவார்ட்டரும் முனை மாறும், அதனால் ஒரே அணிக்கு ஒரு நேரம் காற்று உதவும், அடுத்த நேரம் உதைத்த பந்தைத் திருப்பி அனுப்பப் பார்க்கும். இதைக் குறிக்காமல் பார்த்தால் அந்த ஆட்டத்தில் பயிற்சியாளர்கள் எடுத்த முடிவுகள் பாதி புரியாது.

ஸ்கோரைப் பிரித்துப் பார்ப்பது இன்னொரு நல்ல பழக்கம். பால்டிமோர் 37, கால்கரி 20. பால்டிமோரின் 37-ல் மூன்று டச்டவுன், கூடுதல் புள்ளிகளோடு 21. கார்லோஸ் ஹுவர்ட்டா உதைத்த ஐந்து ஃபீல்ட் கோல், 15. மிச்சம் ஒரு புள்ளி, ரூஜ். இப்போது அந்த மூன்று டச்டவுன்களைப் பாருங்கள்: ஒன்று, கிறிஸ் ரைட் பன்ட்டைப் பிடித்து 82 யார்டு ஓடியது. இரண்டு, கால்கரியின் பன்ட்டைத் தடுத்து ஆல்வின் வால்டன் எடுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாவதுதான் ட்ரேசி ஹாம் 13 யார்டு தானே ஓடி எடுத்தது. ஆக 37-ல் 30 புள்ளி ஏதோ ஒரு வகையில் உதையோடு சம்பந்தப்பட்டது! மூன்று டவுன் ஆட்டத்தில் உதை எவ்வளவு முக்கியம் என்று ஆரம்பத்தில் நிற்கச் சொன்னது இதற்காகத்தான். அமெரிக்க அணி, கனடிய ஆட்டத்தின் மிகக் கனடியமான பகுதியைக் கனடியர்களைவிட நன்றாக ஆடி ஜெயித்தது. மூன்றாம் குவார்ட்டரில் ஃப்ளூட்டி ஒரு யார்டு ஓட்டத்தில் டச்டவுன் எடுத்து 23-20 வரை கொண்டுவந்தார், கால்கரி முந்திவிடும் என்று தோன்றிய அந்த நேரத்தில் ஹாம் எடுத்ததுதான் அந்த 13 யார்டு. அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஆட்டத்தின் சிறந்த வீரர் ஹாம், சிறந்த கனடியர் கால்கரியின் டேவ் சபுஞ்சிஸ்.

செய்தித்தாள்களைப் படிக்கும்போது இரண்டு ஊர்ப் பத்திரிகைகளையும் படியுங்கள். 'பால்டிமோர் சன்' அந்த நவம்பரில் பிரவுன்ஸ் வருகைக்கு எத்தனை பக்கம் கொடுத்தது, ஸ்டாலியன்ஸுக்கு எத்தனை வரி கொடுத்தது என்று பாருங்கள். அதே வாரம் ரெஜைனாவின் 'லீடர்-போஸ்ட்' என்ன எழுதியது என்று பாருங்கள். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கனடிய ஃபுட்பால் புகழ் மண்டபம் ஹாமில்டன் ஸ்டேடியத்திலேயே இருக்கிறது, ஸ்கார்பரோவிலிருந்து காரில் போய்விட்டு அன்றே திரும்பலாம்.

கடைசி வேலை, ஆட்களை அடுத்த வருடத்துக்குள் பின்தொடர்வது. ஐந்து அமெரிக்க அணிகளும் 1996-ல் இல்லை. பால்டிமோர் உரிமம் மான்ட்ரியலுக்குப் போய், 1987-ல் மூடப்பட்டிருந்த அலுவெட்ஸ் மறுபடி உயிர் பெற்றது. ஹாம், ப்ரிங்கிள், ஜிம் பாப் எல்லாரும் அங்கே போனார்கள். 1998-ல் ப்ரிங்கிள் மான்ட்ரியல் சட்டையில் 2,065 யார்டு ஓடினார், லீக் வரலாற்றில் 2,000-ஐத் தாண்டிய முதல் ஆள். இங்கே ஒன்றில் கவனம் தேவை: 1995 கோப்பை மான்ட்ரியலின் கணக்கில் சேராது, லீக் அதை பால்டிமோருக்கு என்று தனியாகவே வைத்திருக்கிறது. அலுவெட்ஸின் கோப்பைகளை எண்ணும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள். 1995-லேயே 3-15 என்று கிடந்த ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ், 1996 முடிந்ததும் மூடப்பட்டது, ஆகவே அந்தப் பட்டியலில் இருந்து அழிந்தவை அமெரிக்க அணிகள் மட்டும் இல்லை.

4-14 என்று இருந்த டொராண்டோவைத்தான் நான் அடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஜெயித்த பயிற்சியாளர் டான் மாத்யூஸும், தோற்ற குவார்ட்டர்பேக் ஃப்ளூட்டியும் இருவருமே 1996-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருடக் கிரே கப் ஹாமில்டனில், கொட்டும் பனியில். டொராண்டோ 43, எட்மண்டன் 37. இதே தாளின் பின்பக்கத்தில் 1996 பட்டியலை எழுத ஆரம்பியுங்கள். இந்தத் தடவை 9 அணிகள்தான்.